நஞ்சிலிருந்து தொடங்கும் மூலிகைக் கல்வி

(மருந்தியல், தாவரவியல், சித்த மருத்துவ மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் நாட்டுமருந்துக் கடை நடத்தியவர். அவரை நான் பார்த்ததில்லை. நேற்று மாலை அவருடைய மகள் ஒரு செய்தி சொன்னார். கடையில் சுக்கு, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் கைக்கெட்டும் டப்பாக்களில் இருக்குமாம். எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை, நேர்வாளம், கலப்பைக்கிழங்கு இந்த நான்கு மட்டும் பூட்டுப் போட்ட மர அலமாரியில். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். வைத்தியர் கைப்பட எழுதிய சீட்டு இல்லாமல் உறவினர் கேட்டாலும் அலமாரி திறக்காது.

மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் ஈ-1 என்று ஓர் அட்டவணை உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களின் பட்டியல் அது. இவற்றை உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தின் மேலுறையில், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். பெரியவர் பூட்டி வைத்த நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அட்டவணையை அவர் படித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. எதைப் பூட்ட வேண்டும், எதைத் திறந்து வைக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூலிகை அறிவின் முதல் படி அதுதான். நம்முடைய பல்கலைக்கழகங்களில் அந்தப் படி இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு செடியின் நஞ்சைச் சரியாகப் படித்தவரால்தான் அதன் மருந்தைச் சரியாகச் சொல்ல முடியும். ஆகவே மூலிகைக் கல்வி நஞ்சிலிருந்து தொடங்க வேண்டும்.

இது புதிய கருத்து அல்ல. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் 1921-இல் மருந்தியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். சந்தையில் விற்கும் மருந்துகளின் தரத்தை ஆராய 1930-இல் அமைந்த குழுவுக்குத் தலைவர் அவரே. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்கு அடித்தளம் அந்தக் குழுவின் அறிக்கை. 1933-இல் இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னாளில் இந்தியாவின் நச்சுத் தாவரங்களைப் பற்றிய நூலை வேறு இருவரோடு சேர்ந்து எழுதியவரும் அதே சோப்ராதான். இரண்டு நூல்களிலும் பல செடிகள் பொதுவானவை. அவருக்கு அது ஒரே படிப்பாக இருந்தது. அவருக்குப் பின் வந்த நாம்தான் செடியைத் தாவரவியலுக்கும், சாரத்தை வேதியியலுக்கும், மாத்திரையை மருந்தியலுக்கும், பிணத்தைத் தடயவியலுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம்.

அந்தப் பங்கீட்டின் விலையை நான் கண்ணால் பார்த்தேன். பயிற்சி மருத்துவராக ஒரு மாவட்ட மருத்துவமனையில் இருந்த காலம். முப்பது வயதிருக்கும், ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். விடிய விடிய வாந்தி, வயிற்றுப்போக்கு. வேலியோரம் தோண்டிய கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றிருந்தார். சலைன் ஏற்றினோம். மறுநாள் எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார். தேறிவிட்டார் என்று கேஸ் ஷீட்டில் நானே எழுதினேன். மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் சரிந்தது. வெள்ளையணுக்கள் இறங்கின, ஈறில் ரத்தம் கசிந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். பதினைந்தாம் நாள் காலை அவர் தலை வாரியபோது முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய கணவர் முதல் நாளே மிச்சக் கிழங்கை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இரண்டு வாரமும் அந்தப் பை கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. முடி உதிர்ந்த அன்றுதான் பிரித்துப் பார்த்தோம். கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்த கிழங்கு. அந்த ஊர்க் கல்லூரியின் தாவரவியல் துறையில் அதே செடியின் உலர்மாதிரி, பெயரெழுதி, தாளில் ஒட்டி, அலமாரியில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். எங்களில் ஒருவருக்கும் அங்கே போய்க் கேட்கத் தோன்றவில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கு யாரும் கற்றுத்தரவும் இல்லை.

என் வாதத்தை ஐந்து கூறுகளாக வைக்கிறேன்.

1. பெயர்

அந்தக் கிழங்குக்குக் கலப்பைக்கிழங்கு என்று பெயர். கொங்கு நாட்டில் கண்வலிக்கிழங்கு. பூத்துவிட்டால் செங்காந்தள், கார்த்திகைப்பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசை இதில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. பூவை அறிந்தவர்கள் கோடிப் பேர். அதே செடியின் கிழங்கை மண்ணோடு கையில் கொடுத்தால் அடையாளம் சொல்பவர்கள் எத்தனை பேர்? பூவும் கிழங்கும் ஒன்றென்று தெரியாத இடத்தில்தான் அந்தப் பெண் அடுப்பைப் பற்றவைத்தார்.

இன்னொரு பெயரைப் பாருங்கள்: அரளி. கோயில் மாலையில் கட்டும் செவ்வரளி ஒரு பேரினம். வேலியில் மஞ்சளாகப் பூக்கும் பொன்னரளி வேறு பேரினம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஈழத்தலரி என்று நாம் சொல்லும் வெள்ளைப் பூ மரம் மூன்றாவது பேரினம். முதல் இரண்டும் இதயத்தைத் தாக்குபவை. மூன்றாவதின் பாலில் அந்த வகை நஞ்சு இல்லை. இரவு 2 மணிக்கு அவசரப் பிரிவில் ‘அரளி’ என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு வந்தால், பணியிலிருக்கும் இளம் மருத்துவர் எதற்குச் சிகிச்சை செய்வார்? யாழ்ப்பாணத்தில் ‘அலரி’ என்பார்கள். அங்கே மருத்துவமனைக்கு வந்து சேருவது பெரும்பாலும் பொன்னரளிதான். ஒரே சொல் ஊருக்கு ஊர் வேறு செடியைக் காட்டும்.

தமிழ்ப் பெயர்கள் குழப்பத்தை மட்டும் தருபவை என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுதின்னாப்பாளை என்றொரு செடி. எதையும் மேயும் ஆடே இதைத் தின்னாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கிறார்கள். நச்சியலின் ஒரு முழுப் பாடம் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இந்தச் செடிக்கு நான்காவது கூறில் திரும்பி வருவேன்.

பெயர்க் குழப்பத்துக்கு மருந்து உலர்மாதிரிதான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. அதை உருவாக்கிய அருட்தந்தை மாத்யூ தமிழகச் சமவெளியின் தாவரங்களை ஊர் ஊராகச் சேகரித்து நூல் வரிசையாகத் தந்தார். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மெட்ராஸ் உலர்தாவரகம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், மூலிகைச் சாரம் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றில் ‘இலைகள் உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டன’ என்ற ஒரு வரிதான் அடையாளம். எந்த இலை என்பதே உறுதியாகாத ஆய்வில், அட்டவணையும் வரைபடமும் எதற்கு?

2. அளவு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நமக்குப் பாலபாடம். உண்மைதான். ஆனால் எது அளவு என்பதை அந்தப் பழமொழி சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் உழைப்புக்குப் பெயர்தான் மருந்தியல். அந்த உழைப்பு எப்போதும் நஞ்சின் பக்கத்திலிருந்தே நடந்திருக்கிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர். ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி நீர்க்கோவைக்குக் குடும்ப ரகசியமாக ஒரு கஷாயம் வைத்திருந்தார். அதைப் பற்றி 1775-இல் விதரிங்கிடம் கருத்துக் கேட்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கொண்ட கலவை அது. வேலை செய்வது அதில் ஒன்றுதான், டிஜிட்டாலிஸ் என்ற செடிதான் என்று அவர் இனங்கண்டார். எப்படி? கஷாயம் குடித்தவர்களுக்கு வந்த கடும் வாந்தியையும் பேதியையும் கவனித்து. பிறகு பத்தாண்டுகள் அளவைத் தேடினார். நாடி மெதுவாவது, பார்வையில் மஞ்சளும் பச்சையும் படர்வது என்று நஞ்சேறும் அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். 1785-இல் நூலாக வெளியிட்டபோது குணமானவர்களை மட்டும் சொல்லாமல், பலனில்லாமல் போனவர்களையும் சேர்த்தே பதிந்தார். மாணவர்களே, தோல்வியை எண்ணிக்கையில் சேர்த்த அந்த நேர்மையால்தான் ஒரு மூதாட்டியின் கைமருந்து உலகத்தின் இதய மருந்தாயிற்று.

கலப்பைக்கிழங்கின் நஞ்சுக்கு வருவோம். பெயர் கோல்ச்சிசின். ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து 1820-இல் பெல்லெத்தியே, காவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதைப் பிரித்தார்கள். இரண்டாண்டுகளுக்கு முன் எட்டியின் நஞ்சான ஸ்ட்ரிக்னினைப் பிரித்தவர்களும் அவர்களே. கௌட் என்னும் மூட்டு வாதத்துக்குக் கோல்ச்சிசின் நல்ல மருந்து. நான் படித்த காலத்தில் அதை எப்படிக் கொடுத்தோம் தெரியுமா? வலி நிற்கும் வரை, அல்லது பேதியாகும் வரை, மணிக்கு ஒரு மாத்திரை. நஞ்சேறிவிட்டது என்று உடம்பு கதறுவதையே அளவுகோலாக வைத்திருந்தோம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதை முறையாக ஒப்பிட்டது. 6 மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் ஒரு சாராருக்கு, ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மறு சாராருக்கு. வலி குறைந்தது இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். பேதி மட்டும் பெரிய அளவில் நால்வரில் மூவருக்கு. சிறிய அளவில் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. எத்தனை தலைமுறை நோயாளிகளுக்குத் தேவையில்லாத துன்பத்தைக் கொடுத்திருக்கிறோம்! 2023-இல் நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில், மாரடைப்பு போன்ற இதய ஆபத்துகளைக் குறைக்க அமெரிக்க அரசு இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஒரே பொருள். அளவு இறங்க இறங்கப் பயன் விரிந்திருக்கிறது.

இந்த நஞ்சு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. செல் பாதியில் நின்றுபோகிறது. உடம்பில் வேகமாகப் பிரியும் செல்கள் எங்கே இருக்கின்றன? குடலில், எலும்பு மஜ்ஜையில், மயிர்க்காலில். முதல் நாள் பேதி, மூன்றாம் நாள் வெள்ளையணு வீழ்ச்சி, பதினைந்தாம் நாள் சீப்பில் முடி. அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட் முழுவதும் ஒரே வாக்கியத்தில் விளங்கிவிடுகிறது. நுண்குழலைக் கட்டும் ட்யூபுலின் என்ற புரதத்தையே 1960-களில் கோல்ச்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடித்தான் கண்டுபிடித்தார்கள். விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கவும் இதே நஞ்சு உதவியது. நஞ்சைப் பின்தொடர்ந்தவர்களுக்கு உயிரியலின் கதவுகள் இப்படித் திறந்திருக்கின்றன.

மூலனூர்ப் பக்கம் ஒரு காலை இந்தச் செடி பயிராகும் தோட்டத்தைப் பார்த்தேன். பந்தலில் கொடி ஏறியிருந்தது. காந்தள் பூவில் சூல்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் தானாக அதன் நுனியைத் தொடுவது அரிது. அதனால் பெண்கள் வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு, மகரந்தப் பையைச் சூல்முடியில் தடவிக்கொண்டே போனார்கள். இப்படிக் கையால் காய்க்கவைத்த விதையில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. அந்த விதையைப் பற்றிய மேல்நிலை ஆய்வு இந்தத் தோட்டங்களுக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகங்களில்தான் செழித்திருக்க வேண்டும்.

3. சுத்தி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நச்சுச் சரக்குகளைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை விதி. கோமூத்திரத்தில் ஊறவைப்பது, பாலில் வேகவைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. இதைச் சடங்கு என்று ஒதுக்குபவர்கள் ஒரு பக்கம். முன்னோர் சொன்னதால் ஆராய வேண்டியதில்லை என்பவர்கள் மறுபக்கம். நாபியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நஞ்சு அகோனிடின். நீரில் வேகும்போது அந்த மூலக்கூறிலிருந்து முதலில் அசிட்டைல் பகுதியும் பிறகு பென்சாயில் பகுதியும் கழன்றுபோகின்றன. மிஞ்சுவது நச்சுத்தன்மை பல மடங்கு குறைந்த பொருள். வேகாத நாபி கொல்லும், வெந்தது மருந்தாகும். ஆக, சுத்தி என்பது வேதிவினை. வினை என்றால் எவ்வளவு நேரம், எவ்வளவு வெப்பம், முடிந்தது என்று எப்படி அறிவது என்ற கேள்விகள் வந்தே தீரும். பாளையங்கோட்டை, தாம்பரம் நிறுவனங்களில் குணபாடமும் நஞ்சு மருத்துவமும் தனித்தனித் துறைகளாக இருக்கின்றன. சுத்திதான் இரண்டுக்கும் பொதுவான அறை. அந்த அறையில் வேதியியலாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

4. காலம்

என் உரையில் மிக முக்கியமானதாக நான் கருதும் கூறு இதுதான்.

ஆயிரமாண்டு அனுபவம் இருக்கிறதே, இதற்குமேல் என்ன சோதனை என்று கேட்கிறார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். அதனால் எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். தின்றவுடன் வாந்தியெடுத்தால் அனுபவம் அறியும். மறுநாள் இறந்தால் அறியும். தின்று பத்தாண்டு கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால்? இருபதாண்டு கழித்துப் புற்றுநோய் வந்தால்? எந்தப் பாட்டியும், எந்த வைத்தியரும், எந்த ஏடும் அந்த இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டிருக்க முடியாது.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கும் சிகிச்சை தந்த ஒரு நிலையத்தில் சீன மூலிகை மாத்திரைகள் கொடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே சிகிச்சை பெற்ற பெண்களின் சிறுநீரகங்கள் வேகமாகக் கெட்டன. 1993-இல் மருத்துவர்கள் இதை அறிவித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள். காரணம் ஒரு பெயர்ப்பிழை. ஸ்டெபானியா என்ற செடிக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதற்கு நெருக்கமான அரிஸ்டோலோகியா சேர்ந்துவிட்டது. அதன் நஞ்சு அரிஸ்டோலோகிக் அமிலம். கதை அதோடு முடியவில்லை. சிறுநீரகம் முழுதும் செயலிழந்தவர்களில் 39 பேர் முன்னெச்சரிக்கையாகத் தங்கள் சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில் 18 பேரிடம் புற்றுநோய் இருந்தது. பால்கன் நாடுகளில் சில கிராமங்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய ஒரு சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக முளைத்த இன்னொரு அரிஸ்டோலோகியாவே காரணம் என்று பிறகு தெளிவாயிற்று. அந்த விதை மாவோடு அரைபட்டு ரொட்டியில் சேர்ந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக உண்டவர்களுக்கே தெரியவில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இந்த அமிலத்தை மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

ஆடுதின்னாப்பாளை ஓர் அரிஸ்டோலோகியா. பாம்புக்கடிக்குப் பேர்போன ஈசுவரமூலி இன்னோர் அரிஸ்டோலோகியா. இரண்டும் நம் ஊர்ச் செடிகள். இரண்டும் நம் மருத்துவ நூல்களில் இருப்பவை. வயிற்றுப் புழுவுக்கு ஆடுதின்னாப்பாளையை அரைத்துக் கொடுத்த பாட்டி யாரையும் ஏமாற்றவில்லை. புழு விழுவதைக் கண்ணால் கண்டார். முப்பதாண்டு கழித்து நடப்பதைக் காணும் கருவி அவரிடம் இல்லை. நம்மிடம் இருக்கிறது. இருந்தும் சொல்லாமலிருந்தால் பழி பாட்டிக்கு அல்ல, நமக்கு.

மூலிகைச் சார ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘ஒரு கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்தும் எலிகள் இறக்கவில்லை; எனவே இச்சாரம் பாதுகாப்பானது’ என்ற வாக்கியத்தை எத்தனை ஆய்வேடுகளில் படித்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அந்தச் சோதனையில் எலியைக் கவனிப்பது 14 நாள். உடனடி நஞ்சை வகைப்படுத்த வந்த சோதனை அது. அதன் வேலையை அது சரியாகவே செய்கிறது. ‘எனவே’ என்ற சொல்லை எழுதியது நாம். ஆய்வேட்டைத் திருத்தும் நெறியாளர்களை வேண்டிக் கேட்கிறேன், அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

இப்படிப் பேசுவது மரபைச் சிறுமைப்படுத்துவது என்று சித்த மருத்துவ நண்பர்கள் சிலர் மனம் நோகிறார்கள். நஞ்சின் குறிகுணமும் அதற்கு முறிவும் சொல்லி வைத்த மரபு அது. அந்த மரபின் வழியில் அடுத்த அடி எடுத்துவைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

5. படுக்கையோரம்

நச்சியல் ஆய்வகத்தில் முடிந்துவிடாது. நோயாளி எங்கே படுத்திருக்கிறாரோ அங்கேதான் அது உறுதிப்பட வேண்டும். இதற்கு இலங்கையைக் காட்டுவேன்.

1980-களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அலரி விதையால் உயிரை மாய்க்க முயன்றவர்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். செய்தித்தாளில் வந்த செய்திக்குப் பின் அது பெருகி, பின்னர் தீவு முழுவதும் பரவியது. அளவு, முறை எதையும் நான் சொல்லப் போவதில்லை; பத்திரிகையாளர்களும் சொல்லக் கூடாது என்பதற்கு அந்த வரலாறே சாட்சி. அலரியின் நஞ்சு விதரிங்கின் டிஜிட்டாலிஸ் வகையைச் சேர்ந்தது. அப்படியானால் அந்த வகை மருந்தான டிஜாக்சினுக்குச் செம்மறியாட்டின் உடம்பில் உருவாக்கிய முறிமருந்து இதற்கும் கேட்க வேண்டும் அல்லவா? கொழும்பில் 66 நோயாளிகளிடம் சோதித்து, 2000-இல் கேட்கிறது என்று நிறுவினார்கள். ஆனால் அதன் விலை அங்குள்ள மருத்துவமனைகளுக்கு எட்டவில்லை.

மலிவான வழி உண்டா? செயலூட்டிய கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான ஆய்வில் கரியைத் திரும்பத் திரும்பப் பெற்ற 201 பேரில் 5 பேரும், அப்படிப் பெறாத 200 பேரில் 16 பேரும் இறந்தார்கள். பெரும் மகிழ்ச்சி. 2008-இல் பல வகை நஞ்சருந்திய 4632 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியானது. அதில் கரியால் பயன் தெரியவில்லை; அலரி உண்டவர்களிடமும் தெரியவில்லை. ஏன் இந்த முரண் என்ற வாதம் எழுந்தது. எனக்கு அந்த முரணே பெரிது. ஏழை நாட்டின் மருத்துவமனையில், நள்ளிரவு வந்து சேரும் நோயாளிகளிடையே, உலகத் தரமான கேள்வியைக் கேட்டு, பிடிக்காத விடையையும் வெளியிட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட தெற்காசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு இந்தப் பணியைத் தொடர்கிறது. இலங்கை கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1995-இல் லட்சத்துக்கு 47 என்றிருந்த தற்கொலை 2005-இல் 24 ஆகக் குறைந்தது. அந்தத் தடையைப் போல உயிர் காத்த முறிமருந்து எதுவும் இல்லை.

நம் பக்கமும் ஒரு செடி இருக்கிறது, ஒடுவந்தழை. வட தமிழகத்தில், புதுவையில், ஆந்திரத்தில் இதனால் இறப்பவர்கள் உண்டு. மேலைநாட்டு நச்சியல் நூல்களில் இதைத் தேடிப் பயனில்லை. அங்கே இந்தச் செடி முளைப்பதில்லை. ஆகவே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் ஜிப்மரிலும் இருப்பவர்களே ஆராய வேண்டியிருந்தது. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் போகிறது, பொட்டாசியம் சிறுநீரோடு ஓடிவிடுகிறது, இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அமிலத்தை இறைக்கும் ஒரு நொதியை இந்த நஞ்சு தடுப்பதாக வேலூர் ஆய்வு சுட்டியது. இதே குடும்பத்து மூலக்கூறான டிஃபிலின், எலும்புத் தேய்வையும் புற்றுநோய்ச் செல்களையும் ஆராய்பவர்களின் கையில் இன்று ஒரு கருவி. முறிமருந்து இன்னும் இல்லை. அதை யார் கண்டுபிடிப்பார்கள்? ஒடுவந்தழை முளைக்கும் மண்ணில் இருக்கும் பல்கலைக்கழகம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நமக்காக வேறு யாரும் உட்கார்ந்து வேலை செய்யப் போவதில்லை.

துணைவேந்தர் அவர்களிடம் மூன்று விண்ணப்பங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு மூலிகைப் பட்டியலைக் கொடுப்பதற்கு முன், இந்த மாவட்டத்தின் பத்து நச்சுச் செடிகளை வேரோடும் விதையோடும் வயலில் காட்டுங்கள். உலர்மாதிரி எண் இல்லாத மூலிகை ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் சுவரில் இந்தப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தொலைபேசி எண்ணை ஒட்டச் சொல்லுங்கள். இரவிலும் ஒருவர் எடுக்கட்டும். மூன்றுக்கும் பெரிய நிதி வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்த அரங்கின் வாசலில் ஆறு தொட்டிகள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது. ஒன்றில் கிழங்கு மட்டும் இருக்கிறது. போகும்போது நின்று பாருங்கள். தெரிந்த பெயரை, உங்கள் ஊரில் வழங்கும் பெயரோடு சேர்த்து, ஒரு தாளில் எழுதி அங்கிருக்கும் பெட்டியில் போடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். தொட்டுப் பார்த்தவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.